பாவுக் கஞ்சி குடித்த மருமகன்

சேசு மரி சூசை துணை

சேலம், அம்மாப்பேட்டை,
1937, ஆடி மாதம்.

மரியாதைக்குரிய மாமா சவரியார் அவர்களுக்கு மருமகன் தோமினிக் எழுதிக்கொண்டது.

நீங்கள் என் மனைவியையும் பிள்ளையையும் பிடித்து வைத்திருக்கிறீர்கள். மற்றபடி இவ்விடம் எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நான் ஒருவன்தான். அவ்விடம் உங்கள் சுகத்தையும் அத்தையின் முழங்கால் வலியையும் எருமையின் கறவையையும் அறிய ஆவலாயிருக்கிறேன்.

பிரசவத்துக்கென்று தை மாதம் எங்கள் ஊரிலிருந்து இன்னாசிமேரியை எருமப்பட்டிக்கு அழைத்துப் போனீர்கள். பிள்ளை பிறந்து, தெரசம்மாள் என்று பெயர் வைத்து, ஞானஸ்நானமும் ஆகி, இப்போது குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறதாம். அது தலையைத் தூக்கிப் பார்க்கும்போது எதிரில் தகப்பன் இருப்பதில்லை, நீங்கள் இருக்கிறீர்கள். அனுப்புங்கள் என்று நான் எழுதினால், "சேலம் குடியிருக்கத் தகுந்த ஊரா, இல்லையா? தண்ணீர் எப்படி, காற்று எப்படி, கோயில் கிட்டவா, அக்கம்பக்கம் எப்படி, ஊட்டில் தொட்டில் கட்ட உத்தரம் உண்டா? உள்ளதை உள்ளபடி எழுதவும். தகுந்த ஊர் என்றால் மகளை அனுப்புகிறேன். இல்லையென்றால் மாப்பிள்ளை இங்கே வந்து நிலத்தில் நிற்கவும்" என்று பதில் போடுகிறீர்கள். நீங்கள் போடுகிறீர்கள் என்பதும் தவறு. உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீங்கள் சொல்ல இன்னாசிமேரி எழுதுகிறாள். நான் எழுதுவதையும் அவள்தான் உங்களுக்குப் படித்துக் காட்டுகிறாள். என் மனைவிக்கு நான் ஒரு வார்த்தை எழுதினாலும் அது மாமனார் காதில் விழுந்த பிறகுதான் அவளுக்குச் சொந்தமாகிறது. இப்படியொரு தபால் ஏற்பாடு வெள்ளைக்காரன் ராஜ்யத்தில் வேறெங்கும் இருக்காது. (இன்னாசி, இந்த இடத்தில் சிரிக்காமல் படி.)

உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

தண்ணீர். நகரசபைக் குழாய் ஒன்று தெரு முனையில் இருக்கிறது. அதில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வரும். அந்தக் காற்றுக்கே பெண்பிள்ளைகள் குடத்தால் இடித்துக்கொள்கிறார்கள். தண்ணீர் வந்த பிறகு நடப்பதை இன்னாசிமேரி படித்துக் காட்டும்படி எழுத முடியாது. ஊருக்குள் ஆறு ஒன்றும் ஓடுகிறது. சாயப் பட்டறைக்காரர்கள் அதில் நூலை அலசுவதால் ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் ஓடும். எந்தக் கலர் சேலை இப்போது விலை போகிறதென்று ஆற்றைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், குளிக்க முடியாது. காற்றைப் பற்றிக் கேட்டீர்கள். ஏர்க்காட்டு மலை இங்கிருந்து அழகாகத் தெரிகிறது. தெரிகிறது, அவ்வளவுதான். குளிரெல்லாம் மேலே துரைமார்களிடம் இருக்கிறது. கீழே எங்களுக்குக் கொசு இருக்கிறது. கோயில் கிட்டத்தில்தான். மணிச் சத்தம் நன்றாகக் கேட்கிறது. உள்ளே யார் முன்னால் உட்காருவது, யார் பின்னால் உட்காருவது என்பதையும் எழுதினால் உங்களுக்கு மனவருத்தம் உண்டாகும். ஆகையால் நம்மூர்க் கோயில் மாதிரியேதான் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

வீடு பார்த்த கதையைக் கேளுங்கள். இதுவரை நான் அச்சுக்கூடத்திலேயே காகிதக் கட்டுகளின் மேல் படுத்துக்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். குடும்பத்தை அங்கே கொண்டுவந்தால் பிள்ளை காகிதத்தை நனைக்கும், முதலாளி என்னை வெளியே தள்ளுவார். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு தேடினேன். செவ்வாய்ப்பேட்டையில் வெங்கடாசலம் என்பவர் வாசலில் "வீடு வாடகைக்கு விடப்படும்" என்று அட்டை தொங்கியது. அந்த அட்டைக்கு அச்சுக் கோத்தவன் நானே. சொந்தக்காரனைப் போன்ற ஒரு உரிமையோடு கதவைத் தட்டினேன். அவர் நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார், மோர் கொடுக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார், பிறகு ஆரம்பித்தார்.

"எந்தூருங்க தம்பி?"

"எருமப்பட்டிப் பக்கமுங்க."

"எருமப்பட்டியில யாரு?"

"சவரியாரு மருமகனுங்க."

"ஓ, வேதமா, கிறிஸ்தவங்களா. ரொம்பச் சந்தோசம். வேதத்துக்கு முந்தி என்னங்க?"

"வேதத்துக்கு முந்தி நான் பொறக்கலைங்க."

"நீங்க பொறக்கலை. உங்க பாட்டன் பொறந்திருப்பாருல்ல?"

"அவரையும் ஞானஸ்நானம் குடுத்துத்தான் தொட்டில்ல போட்டாங்க."

"செரி, அவருக்குப் பாட்டன்?"

"அவரு குடிவரலைங்க. நானும் என் சம்சாரமும் பிள்ளையும் மட்டுந்தான் வாரோம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமில்லை. கடையில் முத்திரையில்லாத படிக்கல்லைக் கையில் வாங்கியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு, "ஊடு போன வாரமே பேசி முடிஞ்சுருச்சுங்க தம்பி. அட்டையைக் கழட்ட மறந்துட்டேன்" என்றார். உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்த மோர் பாதி வழியில் திரும்பிப் போனது. நான் வெளியே வந்து அட்டையைப் பார்த்தேன். அச்சுக் கோத்த நேர்த்தியில் ஒரு குறையுமில்லை.

அடுத்த இடத்தில் சைவமா என்றார்கள், ஆமாம் என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு இடத்தில் எங்கள் குலதெய்வம் எந்தத் திசையில் இருக்கிறதென்று கேட்டார்கள். பெத்லேகேம் எந்தத் திசை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாததால் மேற்கே என்றேன். மேற்கே எந்த ஊர் என்றார்கள். கடல் தாண்டி என்றேன். கதவைச் சாத்தினார்கள். ஒரே ஒரு வீட்டில் ஒரு கேள்வியும் இல்லாமல் சாவியைக் கொடுத்தார்கள். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தேன். வானம் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைப் பூசைக்குப் போனேன். பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறவன் முதல் நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்கக் கூடாதென்பது உங்களுக்குத் தெரியும். முதல் நாள் சாயங்காலமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பூசை முடிந்து நெசவாளர் தெரு வழியாக வரும்போது எனக்குக் கால் ஒரு பக்கமும் வயிறு ஒரு பக்கமும் நடந்தன. அந்தத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் பெரிய பானை நிறையக் கஞ்சி இருந்தது. ஆவி பறந்தது. பக்கத்தில் கொட்டாங்கச்சி அகப்பை இருந்தது. ஆளில்லை. ஆடி மாதம். ஊரெல்லாம் மாரியம்மனுக்கென்று கூழ் காய்ச்சி வழிப்போக்கருக்கு ஊற்றுகிற மாதம். நீங்களாக இருந்தாலும் என்ன நினைத்திருப்பீர்கள்? அம்மனுக்குப் படைத்ததைத் தொடலாமா என்று நின்று யோசித்தேன். யோசனை முடிவதற்குள் ஒரு அகப்பை உள்ளே போய்விட்டது. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் எண்ணெய் வாடை. பட்டணத்துக் கூழ் இப்படித்தான் போலிருக்கிறது என்று இன்னொரு அகப்பையும் குடித்தேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு அம்மாள் வந்தாள். பெயர் அத்தாயி என்று பிறகு தெரிந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் சாமி, என்ன பண்ற?"

"கூழு நல்லா இருக்குதுங்க. உப்புத்தான் கம்மி."

"உப்பா? பாவுக்கு எதுக்கு சாமி உப்பு?"

எனக்கு விளங்கவில்லை. அவள் உள்ளே திரும்பி, "ஏனுங்க, வெளிய வந்து பாருங்க. நம்ம கஞ்சியை ஒரு ஆளு குடிச்சுப்போட்டு உப்புக் கேக்கறான். நேத்துப் பாவுல நூலு ஏன் மொறமொறப்பா நிக்கலைன்னு கேட்டீங்கல்ல, இவனை மெதுவா மடக்கிப் பாருங்க, எப்படி நிக்கறான்னு" என்றாள். தெரு முழுக்க வாசலுக்கு வந்து சிரித்தது.

மாமா, அது நூலுக்குப் போடுகிற கஞ்சி. தறியில் ஏற்றுவதற்கு முன் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இந்தக் கஞ்சியைத் தடவித் தேய்த்துக் காய வைப்பார்கள். அப்போதுதான் நெய்யும்போது நூல் அறாது. அப்படி இழுத்துக் கட்டியதற்குப் பாவு என்று பெயர். பங்குச் சாமியாரிடம் நீங்கள் இதைச் சொல்லப் போகிறீர்கள் என்பதால் ஒரு விளக்கம்: நான் குடித்தது அம்மனுக்குப் படைத்ததல்ல, நூலுக்குப் படைத்தது. ஆகவே பாவமில்லை. வயிற்றுவலி மட்டும் உண்டு.

அத்தாயியின் புருஷர் சின்னண்ணன் வெளியே வந்தார். பாவு தெருவில் கட்டித் தயாராக நின்றது. வெயில் ஏறுவதற்குள் தேய்த்து முடித்தாக வேண்டும். அதற்கு அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாரும் கை கொடுப்பது அங்கே வழக்கம், ஆனால் அன்றைக்குப் பக்கத்து வீட்டார் சங்ககிரிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். ஆள் குறைவு. என் புண்ணியத்தில் கஞ்சியும் குறைவு. "குடிச்ச கஞ்சிக்கு இதைப் புடி" என்று அத்தாயி நாரால் செய்த நீளத் தூரிகை ஒன்றை என் கையில் கொடுத்தாள். நானும் சின்னண்ணனும் பாவுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று, தூரிகையை இழுத்துக்கொண்டே தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்க வேண்டும். நடந்தோம். "ஏர் ஓட்டறயா, பாவு தேய்க்கறயா? உழுகிற கைய ஊர்லயே வெச்சுட்டு வந்திருக்கலாமில்ல" என்று அத்தாயி பின்னாலேயே வந்தாள். ஆனால் யாரும் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை. வெயில் வருகிறது, கஞ்சி காய்கிறது.

திரும்பி வரும்போது சின்னண்ணனுக்கு ஞாபகம் வந்தது. "தம்பி எந்தூரு?" என்றார். சொன்னேன். "பேரு?" சொன்னேன். "வேதமா? அதுக்கு முந்தி..." என்றார். அதற்குள் அவர் பக்கத்தில் ஒரு நூல் அறுந்தது. "பேச்சுப் பேசிக்கிட்டே நூலை அறுக்கறீங்க பாரு" என்று அத்தாயி சத்தம் போட்டாள். அவர் குனிந்து முடிச்சுப் போட்டார். மறுபடி நடந்தோம். மறுபடி, "இல்ல தம்பி, உங்க பெரியவங்க எல்லாம்..." என்றார். மறுபடி நூல் அறுந்தது. "அந்தாளோட பெரியவங்களைக் கட்டிக்கிட்டா நெய்யப்போறீங்க? பாவு காயுது. அப்புறம் கேட்டுக்கங்க" என்றாள். அதற்கப்புறமும் அவர் வாயைத் திறந்தார். அந்தத் தடவை நூல் தானாக அறவில்லை. நான் அறுத்தேன்.

வேலை முடிந்ததும் எனக்கு நிஜமான கூழ் கொடுத்தார்கள். உப்பு போட்டு. வீடு தேடுகிறேன் என்று சொன்னேன். கொல்லைப்புறத்தில் ஒரு அறை சும்மா கிடக்கிறதென்று அத்தாயி சொன்னாள். அவள் கேட்டது ஒரே கேள்விதான். "கைப்பிள்ளை இருக்குதுங்கற. தறிச் சத்தத்துல தூங்குமா?" "எங்க மாமன் கொறட்டையில தூங்கிப் பழகின பிள்ளைங்க" என்றேன். (இன்னாசி, இந்த வரியை விட்டுவிடு.) "அப்பச் செரி. வெடியக்காலம் பாவு போடறன்னைக்குத் தெருவுக்கு வந்தரோணும். உன் சம்சாரத்துக்கு முடிச்சுப் போடத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். என்னையே முடிச்சுப் போட்டவள்தானே.

குடிவந்து நாலு நாளாகிறது. குடிவந்த அன்றே மழை. தறிக்குக் கீழே கால் வைக்கத் தோண்டிய குழியில் தண்ணீர் நிறைந்து, அதில் ஒரு தவளை குடிவந்தது. அதை யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. காலையில் தெரு முழுக்கப் பாவு கட்டியிருப்பதால் வேலைக்குப் போகிறவன் அதன் அடியில் தவழ்ந்துதான் வெளியேற வேண்டும். அப்படித் தவழ்ந்ததில் சட்டை முழுக்கக் கஞ்சி சொட்டிக் காய்ந்து பலகை மாதிரி நின்றது. "என்னடா, இன்னிக்கு மாப்பிள்ளை முறுக்கா வந்திருக்கே" என்று முதலாளி கேட்டார். கையை மடக்க முடியாமல் பகல் வரைக்கும் அச்சுக் கோத்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகன் இடத்தில் மாமனார் பெயர் போய்விட்டது. முதலாளி பார்ப்பதற்குள் மாற்றிவிட்டேன் என்றாலும், எனக்கு அதில் ஒரு ஆச்சரியமும் உண்டாகவில்லை. என் வீட்டு நிலவரமும் அதுதான்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். என்றைக்காவது ஒரு நாள் நூல் அறாமல், மழையில்லாமல், வேலையுமில்லாமல் சின்னண்ணன் வாசலில் உட்காருவார். அன்றைக்குக் கேட்பார். அன்றைக்கு அறுப்பதற்கு என் கைக்கெட்டின தூரத்தில் நூல் இருக்காது, இருந்தாலும் அறுக்கமாட்டேன். சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு நம் பாயும் பானையும் அறைக்குள் இருக்குமா, தெருவில் இருக்குமா என்பது எனக்குத் தெரியாது. அத்தாயி என்ன சொல்வாள் என்பதும் தெரியாது. உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னீர்கள்.

ஊருக்கு வந்து நிலத்தில் நிற்கச் சொல்கிறீர்கள். எந்த நிலம் மாமா? விளைச்சலில் பங்கு அளந்து கொடுத்து நீங்கள் வாரத்துக்கு உழுகிற நிலம். அதன் சொந்தக்காரர் வரப்பில் வந்தால் உங்கள் தோளிலிருக்கிற துண்டு தானாக இறங்கிக் கக்கத்துக்குப் போகிறது. நான் பார்த்திருக்கிறேன். அந்தத் துண்டுக்கு உங்களைவிட நன்றாக வழி தெரியும். உங்கள் பாதி வயதுள்ள அவர் மகன் உங்களை "ஏ சவரி" என்கிறான். நீங்கள் அவனை "சாமி" என்கிறீர்கள். அந்த வீட்டில் ஒருவரும் என்னை வேதத்துக்கு முந்தி என்ன என்று கேட்டதில்லை. கேட்க வேண்டியதில்லை, நான் பிறப்பதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். தெரசம்மாளைப் பற்றியும் தெரியும். சேலத்தில் கேட்கிறார்கள். கேட்கிறார்கள் என்றால் பார்த்தவுடன் தெரியவில்லை என்று அர்த்தம். பதில் கிடைக்கிறவரைக்கும் ஒரு மனுஷன் இங்கே தோளில் துண்டோடு நடக்கலாம். அவ்வளவுதான் இந்த ஊரின் பெருமை, அதற்கு மேல் தேடினால் ஒன்றுமில்லை.

தண்ணீர் கெட்டது, காற்று கெட்டது, தெரு அடைப்பு, கொசு, தவளை, சாயம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து நான் கண்டது: சேலம் குடியிருக்கத் தகுந்த ஊரல்ல. ஆகவே இன்னாசிமேரியையும் பிள்ளையையும் உடனே அனுப்பி வைக்கவும். நீங்கள் அனுப்பாவிட்டால் நானே வந்து அழைத்துப் போவேன். அப்போது வாசலில் நின்று பேசமாட்டேன்.

அத்தைக்கு என் தோத்திரம். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவச் சொல்லவும். தெரசம்மாளுக்கு நூறு முத்தம், அதை யார் கொடுத்தாலும் என் கணக்கில் கொடுக்கவும். சேசுநாதர் உங்கள் வெள்ளாமையையும் பிடிவாதத்தையும் காப்பாராக, முன்னதை அதிகமாக.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்
தோமினிக்

பின்குறிப்பு: உத்தரத்தைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. உறையை ஒட்டப் போகும்போது ஞாபகம் வந்து, முக்காலியின் மேல் ஏறித் தட்டிப் பார்த்தேன். வேப்ப மரம். கரையான் இல்லை. நான் தட்டுவதைப் பார்த்த அத்தாயி, எதற்கென்று கேட்காமல் உள்ளே போய், தறியில் கடைசியாக அறுத்த முரட்டுத் துணி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். தொட்டிலுக்குத் தாங்கும் என்றாள்.

முக்காலியின் மேல் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா, நீங்கள் தண்ணீர் கேட்பீர்கள், கோயில் கேட்பீர்கள். உத்தரம் கேட்கமாட்டீர்கள். ஐந்து பிள்ளை பெற்று ஒரு தொட்டிலும் உங்கள் கையால் கட்டியதில்லை, அத்தை சாட்சி. அந்தக் கேள்வி உங்கள் வாயிலிருந்து வந்ததல்ல. நீங்கள் சொல்லி முடித்த பிறகு எழுதுகிறவள் தானாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள். தொட்டில் எங்கே கட்டுவது என்று கேட்கிறவள் வருவதா வேண்டாமா என்று யோசிக்கிறவள் அல்ல. அப்படியானால் என் மனைவியை ஒருவரும் பிடித்து வைக்கவில்லை. இந்தக் கடிதத்தின் முதல் வரி பொய். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பின்னால் வருகிற தண்ணீர், காற்று, கொசு எல்லாம் உண்மை, ஆனால் யாருக்கும் தேவையில்லாத உண்மை. அடித்துவிடவும்.

இன்னாசி, நீ படித்துக்கொண்டே வந்து இப்போது இந்த இடத்தில் நிறுத்தியிருப்பாய். நிறுத்தாதே. மாமா எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். காகிதத்தைக் கொஞ்சம் இறக்கு. அவர் முகத்தைப் பார்த்து, கீழே இருக்கிற ஒரு வரியை உரக்கப் படி. பதில் வருகிறவரைக்கும் திரும்பத் திரும்பப் படி.

"அப்பா, நான் என்னைக்குப் பொறப்படட்டும்?"